சுவரை இடிக்க எனக்குச் சம்மதமில்லை

அந்த பெஞ்சு வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள். பிள்ளை தோளில் தூங்குகிறாள், அதனால் மெல்லத்தான் பேசுவேன். கோபம் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தம் கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் நம்பர் வீட்டில் மாடிப் போர்ஷன் பார்க்க மதுரையிலிருந்து வந்தவர்கள்தானே நீங்கள்? நான் கீழ் போர்ஷன். அனிட்டா. இவள் ஷெரின், போன மாதம்தான் ஒரு வயது முடிந்தது. என் வீட்டுக்காரர் இன்பராஜுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். ஆக, இந்தத் தெருவில் எனக்கு நான்தான் துணை.

மரத்தில் எல்லாம் மஞ்சள் கோடு போட்டிருக்கிறதே, என்ன என்று கேட்டீர்கள். தண்ணீர் அதுவரை வருமாம். போன வருஷம் வந்த தண்ணீரின் கோடு என்று நினைத்துவிடாதீர்கள். இனிமேல் இவர்களே உள்ளே விடப்போகிற தண்ணீரின் கோடு. காசு செலவு பண்ணி, ஆள் வைத்து, பெயிண்ட் அடித்து விடப்போகிறார்கள்.

எதிரே ஆறடிச் சுவர் தெரிகிறதா? அதற்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பூங்கா, பூங்காவுக்குப் பின்னால் நம் தெரு. அந்தச் சுவரை இடிக்கப்போகிறார்கள். பூங்காவின் மண்ணை மூன்றடி தோண்டி, ஆற்றைப் பார்த்துப் படிப்படியாகச் சரித்து இறக்கப்போகிறார்கள். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் ஓரமாக ஒரு மேடு போட்டு அதன் மேல் ஏற்றிவிடுவார்களாம். நடக்கிற பாதை தூண்களின் மேல் போகுமாம். மழைக்காலத்தில் பத்து நாள் கீழ்ப் பாதி தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும், பிறகு வடிந்துவிடும், அப்புறம் நீங்கள் பாட்டுக்கு வந்து விளையாடலாம் என்கிறார்கள். ஆறு வருஷா வருஷம் ஏறுகிறதாம், சுவரையும் வருஷா வருஷம் உயர்த்திக்கொண்டே போக முடியாதாம். ஏன் முடியாது? அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நகராட்சியில் கடைசிக் கருத்துக் கேட்பு. ஆட்சேபணையில் இதுவரை பதினான்கு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நீங்கள் குடிவருவதாக இருந்தால் பதினைந்து. என் வீட்டுக்காரர் இன்னும் போடவில்லை, அது வேறு கதை.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அந்தச் சுவர் என்னைக் கைவிடவில்லை, அதனால்தான். போன மார்கழியில் மழை பெய்ததே, அப்போது நீங்கள் மதுரையில் இருந்திருப்பீர்கள், டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான் இங்கே இருந்தேன். இவளுக்கு அப்போது ஏழு மாதம்.

முதல் நாள் ராத்திரி ஆறு ஏறியது. சுவரில் ஐந்தடி வரைக்கும் வந்து மோதியது. ஆனால் ஒரு சொட்டு இந்தப் பக்கம் வந்திருக்குமா? வரவில்லை. அதை ஆவுடையப்பன் சாரே ஒத்துக்கொள்வார், நகராட்சி இன்ஜினியர். மறுநாள் காலையில் அணையில் திறந்துவிடும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள், ஆறு மளமளவென்று இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணே தெரிந்ததாம். இந்தப் பக்கம் மழைதான் நிற்கவில்லை. மேலத்தெரு, பஜார், பஸ் ஸ்டாண்டு என்று ஊர்த் தண்ணீர் மொத்தமும் சரிந்து இங்கே வந்து நின்றுவிட்டது. ரோடு போட்டுப் போட்டு நம் வீடுகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன, வரும்போதே கவனித்திருப்பீர்கள். ஆக, வந்தது மழைத் தண்ணீர். ஆறு இல்லை. சுவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பத்து மணிக்கு முழங்கால். பதினோரு மணிக்குத் தொடை. மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது, மேலே பூட்டியிருந்தது, தெருவில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. எனக்கு நீச்சல் தெரியாது. பாளையங்கோட்டையில் கான்வென்ட் ஹாஸ்டலில் பன்னிரண்டு வருஷம். நெட்பால் தெரியும், எம்பிராய்டரி தெரியும், கூட்டத்தில் எழுந்து நின்று கணீரென்று பேசத் தெரியும். ஆற்றங்கரைப் பக்கம் போனால் அன்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது.

வீட்டில் ஒரு சருவம் இருந்தது. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற அகலமான அலுமினியப் பாத்திரத்தைச் சருவம் என்போம். அதைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்து, உள்ளே கம்பளியை விரித்து, இவளைப் படுக்க வைத்தேன். சமர்த்தாகத் தூங்கினாள். தண்ணீர் மேஜை விளிம்பைத் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியதும் சருவம் லேசாக அசைந்தது. நான்தான் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். கையை எடுத்துப் பார்த்தேன். தானாகவே நகர்ந்தது.

பிறகு கையை எடுக்கவில்லை.

சுவரில் கடிகாரம் இருந்தது. பதினொன்று ஐம்பதிலிருந்து ஒன்றரை மணி நேரம் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

சொல்ல வேண்டியது இன்னொன்று. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, தெரசம்மாள். நம் தெருமுனையில் மாவு மில் வைத்திருப்பது அவள்தான். முறைக்கு மைனி. நேரில் மரியாதையாகத்தான் பேசுவேன், உங்களிடம் சொல்லும்போது அவள் இவள் என்று வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் வெளியே பள்ளத்தில் மார்பளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துப் பிடித்து நம் வீட்டு ஜன்னலுக்கு வந்தாள். கையில் கடப்பாரை. கம்பி வழியாகப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், சருவம் ஆடுவதைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கட்டி. விட்டுராத. இந்தா வாரேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்!

நம்புவீர்களா? கதவு பக்கத்தில் இருக்கிறது. அவள் நீந்துவாள், சின்ன வயதில் ஆற்றை அக்கரை வரைக்கும் நீந்தினவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். உள்ளே வந்து பிள்ளையைத் தூக்க வேண்டியதுதானே? தம்பி பிள்ளைதானே? போய்விட்டாள். நான் கத்தின கத்து அவளுக்குக் கேட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கே போனாள் என்று பிறகுதான் தெரியும். சுவர் ஏறிக் குதித்து, ஆற்றுப் பக்கம் சேற்றில் நின்றுகொண்டு, சுவருக்கு அடியில் இருந்த காங்கிரீட்டைக் கடப்பாரையால் குத்தியிருக்கிறாள். மில்லில் வேலை செய்கிற இரண்டு பேர் கூட. அந்த இடத்தில் முன்பு ஓர் ஓட்டை இருந்தது, தெருத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிற ஓட்டை. அது உடைந்ததும் இந்தப் பக்கத் தண்ணீர் முழுவதும் அவள் மேல் பாய்ந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டதாம். முழங்காலில் எட்டுத் தையல். யார் அவளைப் போகச் சொன்னது?

ஒன்று இருபதுக்குச் சருவம் 'டக்'கென்று மேஜையில் உட்கார்ந்தது. இவள் கண்ணைத் திறந்து பாலுக்கு அழுதாள். மழையும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் குறைந்தது, அதைச் சொன்னால் ஒருவரும் காதில் வாங்குவதில்லை. தெரசம்மாள் ஓட்டையை உடைத்தாள், தெரு பிழைத்தது, அவ்வளவுதான் இவர்களுக்கு. கோயிலில் பூசைக்குப் பிறகு பெயர் சொல்லி நன்றி சொன்னார்கள். என்னிடம் வந்து, "உங்க மைனி மட்டும் இல்லன்னா" என்று ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால் என்ன? பிடித்துக்கொண்டு நின்றது யார்?

அந்த ஓட்டையை அடைத்தது யார் என்றா கேட்கிறீர்கள்? நகராட்சி.

மனு கொடுத்தது நான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. இவள் பிறந்து மூன்றாம் மாதம், அந்த ஓட்டை வழியாகப் பாம்பு ஒன்று பூங்காவுக்குள் வந்து இதோ இந்த ஊஞ்சலுக்கு அடியில் கிடந்தது. தண்ணீர்ப் பாம்புதான், கடிக்காதுதான். பாம்பு பாம்புதானே? அப்புறம் நாற்றம், கொசு, பெருச்சாளி. பிள்ளை வைத்திருக்கிற எந்தத் தாயும் எழுதுவாள். மற்றவர்கள் எழுதவில்லை, அது அவர்கள் சோம்பேறித்தனம். நான் ஏழு மனு எழுதினேன். தமிழில் நான்கு, ஆங்கிலத்தில் மூன்று. என் கையெழுத்தை நீங்கள் பார்க்க வேண்டும், அச்சடித்த மாதிரி இருக்கும். கலெக்டருக்கு நகல், அமைச்சருக்கு நகல். ஏழாவது மனுவுக்கு இரண்டு கொத்தனாரை அனுப்பி, ஐப்பசியில் ஒரே நாளில் அடைத்துக் கொடுத்தார்கள். இந்தத் தெருவில் ஒரு மனுவுக்கு வேலை நடந்தது அதுதான் முதல் தடவை. நான் அந்தக் கொத்தனார்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

சரி, போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். நகராட்சி மண்டபத்தில் கூட்டம். இந்தத் திட்டத்தை வரைந்தவர் நிலோஃபர் மேடம். மதுரைக்காரர், முப்பது வயதிருக்கும், புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். தெர்மாகோலில் பூங்கா செய்து கொண்டுவந்து, ஒரு ஜக் தண்ணீரை அதில் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் சரிவில் ஓடிக் கீழ்ப் பாதியில் நின்றது, தெருவுக்கு வரவில்லை. சுவர் வைத்த தெர்மாகோலிலும் ஊற்றினார். அதில் வீடெல்லாம் முங்கியது. ஜனங்கள் மேஜிக் ஷோ பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

நான் எழுந்தேன். இவள் இடுப்பில் இருந்தாள்.

"தெர்மாகோலுக்குப் பிள்ளை கிடையாது மேடம்" என்றேன். "எங்களுக்கு இருக்கிறது. ஆற்றுக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். அதை எடுத்துவிட்டு நாணல் நடுகிறேன் என்கிறீர்கள். நாணலைப் பிடித்துக்கொண்டா நாங்கள் நிற்பது?"

கை தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர், "அப்படிப் போடும்மா!" என்றார்.

ஆவுடையப்பன் சார் அந்தக் கைதட்டல் அடங்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு ஒரு பைலை எடுத்தார். என் மனுக்கள். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார், தேதியோடு. ஆங்கிலத்தையும் வாசித்தார், தப்பும் தவறுமாக. "மேற்படி துவாரத்தைப் போர்க்கால அடிப்படையில் நிரந்தரமாக அடைத்துத் தருமாறு." நிரந்தரமாக என்பதை இரண்டு தடவை வாசித்தார். கடைசியில் கீழே இருந்த பெயரையும் விலாசத்தையும்.

மண்டபம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, நீதானா எங்க வீட்டு ஃபிரிட்ஜ முக்குனது?" என்றார், அப்படிப் போடும்மா என்ற அதே ஆள். சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். ஒன்பதாம் நம்பர் வீட்டில் வயதான ஐயா ஒருவர் நிமோனியா வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் மகள் சிரிக்கவில்லை.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் தப்பு செய்தவள் ஆகியிருப்பேன். "ஆமாம், நான்தான் எழுதினேன். நாளைக்கும் எழுதுவேன்" என்றேன். குரல் கணீரென்று வந்தது. இவளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன், கனம்.

அப்போது பார்த்து மைனி எழுந்தாள். மாவுக் கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

"ஏன் சார், அவ எழுதுனா. அடைச்சது யாரு?" என்றாள். "அவளுக்கு இருவத்தஞ்சு வயசு, கைப்பிள்ளக்காரி, பாம்பக் கண்டு பயந்து எழுதுனா. நீங்க இன்ஜினியருக்குப் படிச்சவிய. தெருத் தண்ணி எந்த வழியாப் போவும்னு ஒங்களுக்குத் தெரியாது? பன்னெண்டு வருசமா நாங்க சாக்கடையத் தோண்டச் சொல்லுதோம், தோண்டுனியளா? ஒரு ஓட்டைய அடைக்கச் சொன்னா மட்டும் ஒரே நாள்ல ஓடி வாரிய!"

ஆவுடையப்பன் சார் பைலை மூடினார்.

"இன்னொருக்க அவ பேர வாசிச்சியன்னா, காங்கிரீட்டு பில்லுல கையெழுத்துப் போட்டது யாருன்னு நானும் வாசிப்பேன். எனக்கு வாசிக்க வராது, இருந்தாலும் வாசிப்பேன்."

இதற்கும் கை தட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசியுங்கள். யார் கேட்டார்கள் இவளை? அன்று ஜன்னலில் பார்த்துவிட்டுப் போனவள், இன்று சபையில் வந்து என்னைக் காப்பாற்றுகிறாளாம். பயந்து எழுதினாள் என்கிறாள். நான் பயந்தா எழுதினேன்? வெளியே வந்து கேட்டும்விட்டேன்.

"அன்னைக்கு ஏன் என்னை விட்டுட்டுப் போனீங்க மைனி?"

ஆறு மாதமாகக் கேட்காத கேள்வி. அவள் மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"உள்ள வந்து பிள்ளையத் தூக்கியிருந்தா ஒத்தக் கையில பிள்ள, ஒத்தக் கையில நீ. நீ நீந்த மாட்ட. பயத்துல என் கழுத்தப் பிடிப்ப. மூணு பேரும் போயிருப்போம். அதான் தண்ணியப் போவச் சொன்னேன்." பிறகு, "நீ பிடிச்சுக்கிடுவன்னு தெரியும்" என்றாள்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. உங்களுக்குப் படுகிறதா? சரி, விடுங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை நிலோஃபர் மேடம் வீட்டுக்கு வந்தார். சமாதானம் பேசத்தான் வருகிறார் என்று நினைத்து, பேசவேண்டியதை எல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். மேஜை எவ்வளவு உயரம், தண்ணீர் விளிம்பைத் தாண்டியது எத்தனை மணிக்கு, சருவம் கீழே உட்கார்ந்தது எத்தனை மணிக்கு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சுவரில் பென்சிலால் சின்னதாகக் கோடு ஒன்று போட்டார். ஒருவரும் இதுவரை என்னிடம் மணி கேட்டதில்லை. எனக்கு நிமிஷக் கணக்கில் தெரியும்.

"பூங்கா மூணடி தாழ்ந்தா, அதே மழைக்கு உங்க வீட்டுல கணுக்கால் அளவுதான் வரும்" என்றார்.

"எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன். கணக்கைத்தான் எழுதித் தர முடியும். அதே மழைதான் வரும்னு எப்படி எழுதித் தர்றது?"

நன்றாகக் கவனியுங்கள், எழுதித் தர மாட்டேன் என்று அவரே சொன்னார். அதை ஆட்சேபணையில் நான்காவது பத்தியில் சேர்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "பாப்பாவுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பீங்கதானே?" என்றார்.

"ஒரு வயதுதான் மேடம்."

"சரி. உங்களுக்கு?"

ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதுதானா கேட்கிற கேள்வி? ஆனால் கூட்டத்தில் யாராவது எழுந்து இதையே கேட்டால்? 'ஆற்றில் காலை வைத்திராத பெண் ஆற்றைப் பற்றிப் பேசுகிறாளே' என்று ஆவுடையப்பன் சார் கேட்பார், கட்டாயம் கேட்பார். அவர் வாயை அடைக்க வேண்டும். அதற்காக, அதற்காக மட்டும்தான், சனிக்கிழமை காலையில் மைனி மில்லுக்குப் போய் நின்றேன். வேறு யாரைக் கேட்பது, சொல்லுங்கள்? ஆண்களையா கேட்க முடியும்?

"எத்தனை நாளில் கற்றுக்கொடுக்க முடியும்?" என்றேன்.

மைனி மிஷினை நிறுத்தினாள். அரைக்க வந்து நின்ற நான்கு பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எதுக்குட்டி?"

"ஆட்சேபணைக்கு."

"அப்ப நல்லாப் படிச்சுக்கிடணும்" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் தாடை ஆடியது.

இன்றோடு நான்காவது நாள். ஆறரை மணிக்குப் படித்துறைக்குப் போகிறோம். இவளை ஒன்பதாம் நம்பர் பெண் கரையில் வைத்துக்கொள்கிறாள், அந்த ஐயாவின் மகள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள், பிள்ளையை மட்டும் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். ஆனி மாதம், தண்ணீர் மார்புக்கு மேல் இல்லை. ஆனாலும் அடியில் பாசி வழுக்கும்போது எனக்கு அந்த மேஜை ஞாபகம் வரும். சொல்லக் கூடாது என்றிருந்தேன், வந்துவிட்டது.

முதல் மூன்று நாளும் மைனி என் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொள்வாள். "மூச்ச அடக்காதட்டி. காலப் போட்டு அடிக்காத, துணியா துவைக்க? தண்ணி மேல படு" என்பாள். தண்ணீர் மேல் எப்படிப் படுப்பது? நான் அவள் தோளைப் பிடிப்பேன், அவள் தட்டிவிடுவாள், நான் திட்டுவேன். கரையில் துணி துவைக்கிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நான் ஒன்றும் அவர்களுக்காக இறங்கவில்லை.

இன்று காலையில் அவள் கையை நம்பி மல்லாந்து படுத்திருந்தேன். முதுகுக்கு அடியில் கை இருக்கிறது என்ற தைரியம். வானத்தைப் பார்த்துக்கொண்டே திங்கட்கிழமை பேச வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் பத்தி, இரண்டாம் பத்தி. மூன்றாம் பத்தியில் ஒரு சொல் மறந்துவிட்டது, அவளிடம் கேட்கலாம் என்று தலையைத் திருப்பினேன். நாலடி தள்ளி நின்றுகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான், முங்கிவிட்டேன். மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். எழுந்து நின்று கரையெல்லாம் கேட்கக் கத்தினேன். "ஏன் கையை எடுத்தீங்க? திரும்பவும் விட்டுட்டுப் போறீங்களா?"

"எடுத்து ரொம்ப நேரமாச்சுட்டி" என்றாள், கொண்டையில் ஊசியைச் செருகிக்கொண்டே. "நீ ரெண்டாவது பத்தி சொல்லையில எடுத்தேன்."

பொய். அப்படி இருக்கவே முடியாது. மூன்றாம் பத்திவரை கை இருந்தது, எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலையில் மறுபடியும் இறங்கப் போகிறேன். கையே கொடுக்க வேண்டாம், தள்ளி நில்லுங்கள், நான் முங்குகிறேனா இல்லையா என்று ஊரே பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்காமல் நான் கரை ஏற மாட்டேன்.